கதவுக்கு அடியில் வாவச்சன்

எங்கள் பெரிய பம்பில் இரண்டே பாகம்தான். ஒன்று பறை, மற்றது பெட்டி. பறை என்பது ஆளைவிட உயரமான ஒரு மரப்பீப்பாய். ஊரைச் சுற்றிய மண்கரையான வரம்பின் உள்பக்கம், வாய்க்காலுக்குள் நிற்கும். அதன் நடுவே செங்குத்தாக ஓர் இரும்புத் தண்டு, தண்டின் அடியில் விசிறி மாதிரி இலைகள். மோட்டார் பெல்ட்டை இழுக்கும், பெல்ட் தண்டைச் சுற்றும், இலைகள் தண்ணீரைப் பிடித்து மேலே தள்ளும். பீப்பாயின் தலைவரை ஏறிய தண்ணீர் பெட்டிக்குள் பாயும். பெட்டி என்பது வரம்பைக் குறுக்கே துளைத்துப் போகும் நீண்ட மரக்கூடு. அதன் வழியாகத்தான் ஊருக்குள் தேங்கிய தண்ணீர் வெளியே காயல் என்னும் உப்பங்கழிக்குப் போகிறது.

பெட்டியின் காயல் பக்கத்து வாயில் ஒரு கதவு தொங்கும். கீல் மேலே இருக்கிறது. தாழ்ப்பாள் கிடையாது, பூட்டும் கிடையாது. மோட்டார் ஓடும்வரை உள்ளிருந்து வரும் தண்ணீர் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். மோட்டார் நின்றதும் காயல் அதை அறைந்து சாத்திவிடும். ஒருமுறை மின்சாரம் போனபோது இடையில் ஒரு மூங்கில் கழி மாட்டிக்கொண்டது. வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிற மாதிரித் துண்டாகிப் போய்விட்டது. அந்தக் கதவை யார் யோசித்துச் செய்தார்களோ, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். காவலுக்கு ஆள் வேண்டாம், காசு வேண்டாம், எதிரியின் பலத்தையே பூட்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்த பம்பை ஓட்டுவது நான். பெயர் சாறாம்மா. இதையெல்லாம் முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு. கதவு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அன்று வாவச்சன் எதற்கு அப்படி நடுங்கினான் என்று புரியும்.

எங்கள் ஊரான ஏழாம் பிளாக் காயலைவிடத் தாழ்ந்த நிலம். முன்பு நெல் விளைந்தது. மலையில் மண் சரிந்து, கரையில் கடல் ஏறி, இருந்த ஊரெல்லாம் போன பிறகு, சுற்றிலும் உயர்ந்த வரம்பும் ஒரே ஒரு வாசலும் உள்ள இடம் இங்கே எல்லாவற்றையும் ஆளும் காயல் வாரியத்துக்குப் பிடித்துப்போனது. வயலில் மாடி வீடுகள் எழுந்தன. வாரியத்துக்காரர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் உள்ளே போனார்கள். நெல் விளைவித்த நாங்கள் வரம்பின் வெளிச்சரிவில், காயலைப் பார்த்துக் குடிசை போட்டுக்கொண்டோம். மழைக்காலத்தில் எங்கள் அடுப்பில் மீன் நீந்தும். அப்போதும் உள்ளே ஒலிபெருக்கி தினமும் காலையில் அதே பாட்டைப் பாடும்: "உள் தண்ணீர் மட்டம் பூஜ்யம். உலர்ந்த நாளாகட்டும்!"

உடைப்பு என்ற சொல்லை வரம்பில் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் குடிசையைப் பிரித்துவிடுவார்கள். அதனால் நாங்கள் விருந்தாளி என்போம். "இந்தக் கர்க்கடக மழையில விருந்தாளி வருவான் போலிருக்கே" என்றால் எல்லாருக்கும் புரியும், காவல்காரன் உட்பட. அவனும் வரம்பில் பிறந்தவன்தானே.

என் கணவர் பௌலோஸ் வரம்புத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார். வெள்ளம் வந்தால் வாசலைத் திறந்து எங்களை உள்ளே விட வேண்டும், தண்ணீரை உள்ளேயும் வெளியேயும் பங்கு போட வேண்டும் என்பது சங்கத்தின் பேச்சு. வாரியம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு விடியற்காலையில் வாசலைத் தாங்களே பிடித்துக்கொள்வது என்று சங்கத்தார் முடிவு செய்தார்கள். போனால் வாசலுக்குப் பின்னால் காவல்காரர்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். சங்கத்தில் இருந்தவர்களில் ஒருவன் மட்டும் அன்று வரவில்லை. வாவச்சன். வயிற்று வலியாம்.

பிடிபட்டவர்களை வடக்கு வரம்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே விருந்தாளி வந்திருந்தான். உடைந்த இடத்தை அடைப்பது எப்படியென்றால், இரண்டு வரிசை தென்னங்குற்றிகளை, தென்னைமரக் கட்டைகளை, நட்டு, நடுவில் ஓலையும் விறகும் போட்டு, அதன்மேல் வள்ளங்களிலிருந்து களிமண்ணைக் கொட்டுவார்கள். குற்றிகளுக்கு நடுவே ஆட்கள் நின்று மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். கடைசி வள்ளங்கள் கொட்டுவதற்கு முன்னால் கயிறு போட்டு ஆட்களை மேலே தூக்கிவிடுவது வழக்கம். அதற்கு நேரம் பிடிக்கும். அன்று வாரியத்துக்கு நேரமில்லை. ஆட்கள் அடியில் நிற்கும்போதே வள்ளங்கள் கொட்டிவிட்டன.

பௌலோஸ் இப்போதும் வடக்கு வரம்பில்தான் இருக்கிறார். அந்தப் பகுதி அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கசிந்ததில்லை என்று வாரியத்துக்கு ரொம்பப் பெருமை.

அந்த வருஷ ஓணத்துக்குள் வாவச்சன் வாசலைத் தாண்டி உள்ளே குடியேறினான். கரை மேலாளர் வேலை, தெற்கு வரம்பை ஒட்டி மாடி வீடு. பம்பு வீட்டிலிருந்து பார்த்தால் அவன் மனைவி உலர்த்தும் துணிகள் தெரியும். தன் வேலைத் திறமைக்குக் கிடைத்த வீடு என்று சொல்லிக்கொண்டான். திறமை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அவனும் பௌலோஸும் ஒரே வள்ளத்தில் போய், காயலின் அடியில் முங்கிக் களிமண் எடுத்தவர்கள். வரம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்கும் தெரியும். ஆனால் காட்டிக்கொடுத்தது அவன்தான் என்பதை அவன் வாயால் யாரும் கேட்டதில்லை. நான் அதற்காகத்தான் உயிரோடு இருந்தேன். அவன் சாக வேண்டும், அதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

அன்று மழை விடாமல் பெய்தது. கிழக்கிலிருந்து ஆறுகள் மண்ணிறத்தில் இறங்கிக் காயலை நிரப்பின. காலையில் வாவச்சன் குடையோடு வரம்பில் வந்து நின்று, வெள்ளை ரப்பர் ஷூ நனையாத தூரத்திலிருந்து கத்தினான். "முழு வேகத்துல ஓட்டு! உள்ள ஒரு சொட்டு நிக்கக் கூடாது!"

"சரி மேலாளரே" என்றேன்.

என்னோடு பம்பில் இருப்பவர் குஞ்ஞாப்பிச் சேட்டன். எண்ணெய் விடுவதும் பெல்ட்டுக்கு மெழுகு தடவுவதும் அவர் வேலை. எனக்கு மூத்தவர், எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார். "என்ன சாறாம்மா, இன்னிக்கு மேலாளர்னு வாய் நிறையக் கூப்பிடுற? உள்ள வீடு பாத்துட்டியா? பாத்தா எனக்கும் சொல்லு. ஒரு கட்டில், காயாத துணியே இல்லாத ஒரு கொடி. எனக்கு அது போதும்."

"நீங்க எண்ணெயை விடுங்க சேட்டா."

அப்போது விலாசினி டீச்சர் வந்தாள். வாரியம் வரம்புப் பள்ளிக்கூடத்தை மூடும்வரை அங்கே கணக்கு சொல்லிக்கொடுத்தவள். பௌலோஸுக்குப் பிறகு சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள்.

"சாறாச்சேச்சி, மதியச் சங்கு ஊதினதும் மோட்டாரை நிறுத்திடணும். சங்கம் முடிவு பண்ணியாச்சு. மத்த வேலைக்காரங்களும் உள்ளேயிருந்து வெளியே வந்துடுவாங்க. மாலைக்குள்ள உள்ள முழங்கால் தண்ணி நிக்கும். அப்புறம் பேச வரட்டும்."

"நான் நிறுத்த மாட்டேன் டீச்சரே."

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். "கையெடுத்துக் கும்பிடணுமா?"

"நிறுத்தினா வரம்பு பிழைச்சுக்கும். அது எனக்கு வேணாம்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தண்ணீர் நிறைய வந்தால் வரம்பு உடையும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு பக்கமும் சமமாகத் தண்ணீர் நின்றால் மண்சுவர் எத்தனை நாளானாலும் அசையாது. வெளியே காயல் தோளால் முட்ட, உள்ளே முதுகைத் தாங்க ஒன்றுமே இல்லாமல் காய்ந்து கிடந்தால்தான் சரியும். அதனால்தான் பெருவெள்ளம் வந்தால் எங்கள் பழைய விவசாயிகள் தாங்களே தண்ணீரை உள்ளே விட்டு வயலை முக்குவார்கள். நிலம் நனையும், வரம்பு நிற்கும், வெள்ளம் வடிந்த பிறகு இறைத்துக்கொள்ளலாம். இது இங்கே பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வாவச்சனுக்கும் தெரியும். தெரிந்தும் முழு வேகத்தில் ஓட்டச் சொன்னான். உள்ளே கணுக்கால் நனைந்தால் ஒலிபெருக்கி பூஜ்யம் சொல்ல முடியாது. பூஜ்யம் சொல்ல முடியாத கரை மேலாளருக்கு உள்ளே வீடு கிடையாது. வரம்பு இன்னும் ஒருநாள் தாங்கும் என்று சூதாடினான்.

ஆகவே நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கீழ்ப்படிந்தால் போதும். அவன் சொன்னபடி ஓட்டிக்கொண்டே இருந்தால், சாயங்காலத்துக்குள் தெற்கு வரம்பு அவன் வீட்டின் மேலேயே போய் விழும்.

விலாசினி கணக்கு டீச்சர். ஒரு நிமிடத்தில் கூட்டிப் பார்த்துவிட்டாள். சிரிப்பு போய்விட்டது.

"உள்ள எத்தனை குடும்பம் இருக்குன்னு தெரியுமில்ல?"

"ஆம்பளைங்க மதியம் வந்துடுவாங்க. நம்ம பொண்ணுங்க யாரும் இன்னிக்கு வேலைக்குப் போகலை. நான் சொல்லிட்டேன்."

"நம்ம பொண்ணுங்க. சரி. அவங்க புள்ளைங்க?"

"அவங்க அப்பன்மாரு அன்னிக்கு வடக்கு வரம்புல மண்ணு கொட்டினப்ப என் புருஷனைக் கணக்குல சேர்த்தாங்களா?"

"புள்ளைங்க கொட்டலை, சேச்சி. பௌலோஸ் சேட்டன் வாசலைத் திறக்கத்தான் போனாரு. ஊரை முக்கப் போகலை."

"பௌலோஸ் பேரை எனக்கே சொல்லித் தராத. உங்களுக்கெல்லாம் அவர் ஒரு கோஷம். எனக்கு அவர் ராத்திரி திரும்பிப் படுத்தா கட்டில் கிறீச்சுங்கும், அது."

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாலு ஆளைக் கூட்டிட்டு வந்து இந்த ஒயரை அறுக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"அறுத்துக்கோ."

"அறுக்க மாட்டேன். வாரியம் நம்மளை இழுத்துப் பிடிச்சு வேலை வாங்குது. நானும் உன் கையை இழுத்துப் பிடிச்சா எனக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்? நீயா நிறுத்தணும்."

"உன் கொள்கை ரொம்பச் சுத்தமா இருக்கு டீச்சரே. கால் நனையாம வெச்சிருக்க, வாவச்சன் ஷூ மாதிரி."

அது அவளைக் குத்தியது. இருந்தாலும் போகவில்லை. பம்பு வீட்டின் திண்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். மதியச் சங்கு ஊதியது. வேலைக்காரர்கள் வாசல் வழியாக வெளியே வந்து வரம்பில் கூடினார்கள். எல்லாரும் மோட்டார் சத்தம் நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ என்னைக் கருங்காலி என்று கத்தினார்கள். கத்தட்டும்.

சங்கு ஊதி வெகுநேரம் ஆகியிருக்காது, குஞ்ஞாப்பிச் சேட்டன் உள்சரிவைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். கேலியே இல்லாத அவர் முகத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"சாறாம்மா, கலங்கி வருது."

வரம்பு கசிவது புதிதில்லை. மழைக்காலத்தில் உள்சரிவில் அங்கங்கே தண்ணீர் துளிர்க்கும். தெளிந்து வந்தால் பயமில்லை, வரம்பு வியர்க்கிறது, அவ்வளவுதான். கலங்கி வந்தால் தண்ணீர் தன்னோடு மண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே ஒரு குழாய் உண்டாகிறது. குழாய் பெரிதாகப் பெரிதாக இன்னும் வேகமாக வரும், வேகமாக வர வர இன்னும் பெரிதாகும். எட்டிப் பார்த்தேன். வாவச்சனின் சமையலறைச் சுவருக்கு நேர் எதிரே, சரிவின் அடியில் இளநீர் அளவு ஒரு குமிழ் சேற்றைக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"யாரும் எதுவும் பண்ண வேணாம்" என்றேன்.

"உனக்கென்னம்மா, உனக்கு யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டு குஞ்ஞாப்பிச் சேட்டன் வாசலை நோக்கி ஓடினார். வாவச்சனிடம் முதலில் போய்ச் சொல்பவனுக்கு ஏதாவது கிடைக்கும் என்று நினைத்திருப்பார். உயிர் போகிற நேரத்திலும் அந்தக் கட்டில் அவர் கண்ணில் இருந்தது.

வாவச்சன் குடையில்லாமல் வந்தான். குமிழைப் பார்த்தான், குனிந்து விரலை விட்டான், விரலில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பம்பு வீட்டுக்குள் ஏறி வந்தான்.

"சாறா, நிறுத்து."

"காலையில ஓட்டுன்னு சொன்னது யாரு?"

"நான்தான். இப்ப நிறுத்துன்னும் நான்தான் சொல்றேன்."

"அங்க போய் ஒலிபெருக்கியில சொல்லு. வாரியம் கேக்கட்டும். மேலாளர் வாவச்சன் உள்ள தண்ணி விடச் சொல்றாருன்னு."

அவன் குரலைத் தாழ்த்தினான். விலாசினியைப் பார்த்தான், வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தான். "சங்கம் வேலைநிறுத்தம்தானே பண்ணுது? சங்கம் நிறுத்துச்சுன்னே இருக்கட்டும். உங்களுக்கும் அதுதானே வேணும். நான் எதிர்த்தேன்னு சொல்லிக்கறேன். யாருக்கும் நஷ்டமில்லை."

விலாசினி எழுந்தாள். "சரி. நாங்கதான் நிறுத்தினோம்னே சொல்லு. கேக்கறவங்ககிட்ட என் பேரைச் சொல்லு. ஜெயிலுக்கு நான் போறேன். சேச்சி, நிறுத்து."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனுக்கு வீடும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும், பெயரும் மிஞ்சும். பதிலுக்கு இன்னொரு நல்ல மனுஷி மண்ணுக்கு அடியில் போவாள்.

"டீச்சர் போக வேணாம்" என்றேன். "நிறுத்தினா மட்டும் இனிமே போதாது. வாவச்சனுக்குத் தெரியும். என்ன வாவச்சா?"

அவன் கண் காயல் பக்கம் போனது. காலையில் நிறுத்தியிருந்தால் மழையும் கசிவும் தேங்கியே உள்மட்டம் ஏறியிருக்கும். இப்போது அவ்வளவு நேரம் இல்லை. காயலையே பெட்டி வழியாக உள்ளே விட வேண்டும். அதற்கு வழி ஒன்றுதான். மோட்டார் முழு வேகத்தில் ஓடிக் கதவைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது, ஒரு ஆள் காயல் பக்கம் இறங்கி, கதவுக்கு அடியில் தோளைக் கொடுத்து, பெட்டியின் வாய்க்கும் கதவுக்கும் நடுவே ஒரு தென்னங்குற்றியை முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு உட்கார்ந்த பிறகுதான் மோட்டாரை நிறுத்த வேண்டும். அப்போது காயல் கதவைச் சாத்த முடியாது, பெட்டி வழியாக உள்ளே பாயும். முட்டு உட்காருவதற்கு முன்னால் மோட்டார் நின்றால், அடியில் இருக்கும் ஆள் அந்த மூங்கில் கழி.

"நான் இறங்கறேன்" என்று விலாசினி சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"டீச்சர் இறங்கினா நான் இப்பவே நிறுத்திட்டு வீட்டுக்குப் போறேன். வேற யார் இறங்கினாலும் அப்படித்தான். வாவச்சன் இறங்கினா ஓட்டறேன்."

"உனக்குப் பைத்தியமா? ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் குழாய் பெருசாகுது!"

"என்கிட்ட ஏன் கத்தற? அவன்கிட்ட கத்து. அவன் இறங்கினா உள்ள இருக்கற ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது."

கூட்டம் பம்பு வீட்டு வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றது. உள்ளே மாடிகளில் குடும்பங்கள் வரம்பைப் பார்த்து நின்றன. யாரோ ஒருவன் தென்னங்குற்றியைத் தூக்கிக்கொண்டு வந்து வாவச்சன் காலடியில் போட்டான். வாவச்சன் ஷூவைக் கழற்றினான். அவன் கை பட்டனைத் தேடித் தேடி வழுக்கியது. சட்டையோடேயே இறங்கினான்.

பம்பு வீட்டின் சின்ன ஜன்னல் காயல் பக்கம் பார்க்கும். அதற்குக் கீழேதான் பெட்டியின் வாய். இடுப்பில் கயிறு கட்டி, கழுத்துவரை தண்ணீரில், நுரைக்கு நடுவே அவன் கதவை நோக்கிப் போவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தான் என் இடது கைக்கு அருகில் இருந்தது. கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன்.

அவன் தோளும் தலையும் கதவுக்கு அடியில் போகும்வரை பொறுத்தேன். பிறகு ஜன்னலில் முகத்தை வைத்தேன்.

"வாவச்சா! அன்னிக்கு வாசலுக்கு வர்றாங்கன்னு வாரியத்துக்குச் சொன்னது யாரு?"

அவன் திரும்பிப் பார்க்க முயன்றான், முடியவில்லை. மோட்டார் சத்தத்தில் அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. குஞ்ஞாப்பிச் சேட்டன் வரம்பு விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவன் சொல்வதை எனக்கு எடுத்துச் சொல்லும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார்.

"சத்தமாச் சொல்லுங்க மேலாளரே! சேச்சிக்குக் கேக்கலையாம்!"

"முதல்ல குற்றியை வைக்க விடு சாறா!"

"குற்றியை வைக்க விடச் சொல்றாரு!"

"என் விரல் பொத்தான்மேல இருக்குன்னு சொல்லுங்க சேட்டா."

அவர் சொன்னார். பிறகு வாவச்சன் கத்தினான். அதற்கு குஞ்ஞாப்பிச் சேட்டன் தேவைப்படவில்லை.

"நான்தான்! நான்தான் சொன்னேன்!"

"எதுக்கு?"

"வீடு தர்றேன்னாங்க! என் பொண்டாட்டிக்கு மூச்சு முட்டும், ஈரம் ஆகாது! சாறா, நீ என் வீட்டுல சாப்பிட்டவ, விடு!"

"மண்ணு கொட்டினப்ப எங்க இருந்த?"

விலாசினி என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். என் கையைப் பிடித்துத் தள்ளியிருக்கலாம். அவள் என்னைவிட இளையவள், பலமும் உண்டு. தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீதான் முடிவு பண்ணணும்" என்று மட்டும் சொன்னாள்.

"எங்க இருந்தன்னு கேட்டேன்!"

"கரையில! கரையில நின்னேன்! பாக்கச் சொன்னாங்க, நின்னேன்!"

"பௌலோஸ் உன்னைப் பாத்தாரா?"

"பாத்தான்!"

"என்ன சொன்னாரு?"

நுரை அவன் வாய்க்குள் போனது. துப்பினான். அழுதானோ, இருமினானோ, தெரியவில்லை. "என் பேரைக் கூப்பிட்டான்! வாவச்சா, கயிறு போடுடான்னு கூப்பிட்டான்! நான் அவனைத் தூக்க வந்திருக்கேன்னு நினைச்சுட்டான்!"

என் கட்டைவிரலுக்கு அடியில் பொத்தான் கொஞ்சம் அழுந்தியது. அதற்கு ஒரு ஸ்பிரிங் உண்டு. பாதிவரை மெத்தென்று போகும், பிறகு கடினமாகும், அதைத் தாண்டினால் நின்றுவிடும். நான் மெத்தென்ற இடத்தைத் தாண்டியிருந்தேன்.

ஏன் அழுத்தவில்லை என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். உள்ளே இருந்த பிள்ளைகளை நினைத்தேன் என்று விலாசினி சொல்வாள். அழுத்தியிருந்தால் கதவு சாத்திக்கொண்டிருக்கும், வரம்பும் போயிருக்கும், அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் என் தலையில் ஓடியது அது இல்லை. கதவு விழுந்தால் ஒரு அறை, அத்தோடு முடிந்துபோகும். பௌலோஸ் எவ்வளவு நேரம் கூப்பிட்டார்? மண் இடுப்புக்கு வந்தபோது என்ன சொன்னார்? நெஞ்சுக்கு வந்தபோது? அதைப் பார்த்த கண்களில் என் கைக்கு எட்டுவது ஒன்றுதான். அது இப்போது கதவுக்கு அடியில் இருந்தது. நான் கேட்க ஆரம்பிக்கவே இல்லையே.

"குற்றியை வை" என்றேன்.

அவன் வைத்தான். குற்றி வழுக்கியது, மறுபடி வைத்தான். தலையை வெளியே எடுத்ததும் மேலே இருந்தவர்கள் கயிற்றை இழுத்தார்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். கதவு குற்றியின்மேல் விழுந்து நின்றது. உடனே பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும் தண்ணீர் மோட்டாரையும் தலைகீழாகச் சுற்றிக் கெடுத்துவிடும். கழற்றினேன். பறைக்குள் தண்டு ஒரு கணம் தயங்கி, பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. இத்தனை காலம் ஊருக்குள்ளிருந்து தண்ணீரைத் துரத்திய இலைகள், இப்போது காயலைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தன. அவ்வளவு கோபத்திலும் அதை நின்று பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலத்துக்குள் உள்ளே முழங்கால் தண்ணீர். குமிழில் கலங்கல் குறைந்து, தெளிந்து, பிறகு அதுவே தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. வரம்பு நின்றது. உள்ளே இருந்தவர்கள் உலர்ந்த இடம் தேடி வாசலைத் திறந்துகொண்டு வரம்புக்கு ஏறி வந்தார்கள். எங்கள் குடிசைகளிலிருந்து எங்களுக்கும் அவர்களுடைய மாடிகளில் ஏற வழி கிடைத்தது. பிறகு சங்கம் பேசியது. வெள்ளக் காலத்தில் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் உரிமை இப்போது சங்கத்திடம் இருக்கிறது. விலாசினி ஜெயிலுக்குப் போகவில்லை. முட்டுக் கொடுத்தது யார் கை என்று ஒவ்வொரு மாடியிலிருந்தும் பார்த்திருந்தார்களே. ஒலிபெருக்கி அடுத்த நாள் காலையில் முதல்முறையாகப் பூஜ்யம் இல்லாத ஓர் எண்ணைச் சொன்னது. அதைச் சொல்ல வைத்தவனை வாரியம் மன்னிக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் வாவச்சனை வாசலுக்கு வெளியே விட்டார்கள். அவன் மனைவி உள்ளேயே இருந்துகொண்டாள், அவளுக்கு வாரியத்தில் ஓர் அண்ணன் இருந்தான். அந்த வீட்டில் ஒரு கட்டில் கேட்டு குஞ்ஞாப்பிச் சேட்டன் மனுக் கொடுத்துப் பார்த்தார். சிரித்து அனுப்பிவிட்டார்களாம்.

வரம்பில் யாரும் வாவச்சனுக்கு ஒரு சாண் இடம் தரவில்லை. முதல் நாள் மழையில் நின்றான். இரண்டாம் நாள் ஒரு பெண் அவன்மேல் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். மூன்றாம் நாள் நான் போய்க் கூட்டி வந்தேன். பம்பு வீட்டுச் சுவரை ஒட்டி ஓலைச் சாய்ப்பு ஒன்று இறக்கி, ஒரு பாயும் கொடுத்தேன்.

விலாசினி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாங்க மேடையில பேசறதை நீ செஞ்சுட்ட சேச்சி. பழிவாங்கறதுக்கு மேல ஒண்ணு இருக்குன்னு காமிச்சுட்ட." நான் மறுக்கவில்லை. அவளுக்கு அது தேவையாக இருந்தது. கூட்டங்களிலும் சொல்கிறாள்.

தினமும் பொழுது சாயும் நேரத்தில் கஞ்சியும் கப்பைக் கிழங்கும் எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குப் போவேன். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பேச மாட்டேன். பிறகு "சொல்லு" என்பேன். அவன் சொல்ல வேண்டும். முதலிலிருந்து, ஒன்றும் விடாமல். விட்டால் திரும்ப ஆரம்பிக்கச் சொல்வேன். ஆரம்பத்தில் சுருக்கிச் சொல்லிப் பார்த்தான், கஞ்சி வேண்டாம் என்று கிடந்து பார்த்தான். இப்போது சொல்கிறான். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது வெளியே வரும். மண் கொட்டிய வள்ளத்துக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டது, பௌலோஸின் ஒரு கை கடைசிவரை மேலேயே இருந்தது. ஓடிப்போகலாம், தடுக்க ஆளில்லை. ஆனால் போகிற இடத்தில் அவனைச் சேர்த்துக்கொள்வார் யாரும் இல்லை. அதுவும் அவனுக்குத் தெரியும்.

போன வாரம் அவனுக்கு எலிக்காய்ச்சல் வந்துவிட்டது. கண் மஞ்சளாகி, கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே அலறினான். சங்கத்து மருந்துப் பெட்டியில் மாத்திரை குறைவாகத்தான் இருந்தது. "அவனுக்கா?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். நான்தான் எழுந்து சண்டை போட்டேன். காய்ச்சல் வந்தவன் யார் என்று மருந்து கேட்குமா என்றேன், டீச்சர் பேசுகிற மாதிரியே. விலாசினி பெட்டியைத் திறந்து என் கையில் கொடுத்தாள். அவள் பார்வையில் அவ்வளவு மரியாதை.

சாய்ப்பில் வாவச்சன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மாத்திரையைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினான்.

"போதும் சாறா. என்னை விட்டுடு. நான் போயிடறேன்."

"எங்க போற? வாயைத் திற."

"உன்னைக் கும்பிடறேன்."

தாடையைப் பிடித்து மாத்திரையை உள்ளே தள்ளி, தண்ணீரை ஊற்றி, அவன் தொண்டை ஏறி இறங்கும்வரை விடாமல் பிடித்திருந்தேன். இந்தக் காய்ச்சலுக்கு நேரத்தில் மருந்து போனால் ஆள் பிழைத்துக்கொள்ளலாம், கூடவே நிறையத் தண்ணீரும் குடிக்க வைக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். நெற்றியில் ஈரத்துணியைப் போட்டேன். பாயை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"சரி" என்றேன். "கரையில போய் நின்னியே, அங்கேருந்து சொல்லு."